வார நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் செய்தி, பண்பாடு, அன்றாட வாழ்க்கை என்று கலந்து தரும் வானொலி நிகழ்ச்சிக்கு விஷயம் தீர்ந்துபோகாதா? எப்படித் தயாரிக்கிறார்கள்?

விஷயம் தீராது. நேரம்தான் தீரும்.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்பது வருடம் தயாரிப்பாளராக இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் ஒரு மணி நேரம், நேரலை. "இன்றைக்கு என்ன போடுவது" என்று விழித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் "இதில் எதை வெட்டுவது" என்ற சண்டைதான்.

கணக்கைப் பாருங்கள். 60 நிமிடத்தில் தொடக்கத்தில் தலைப்புச் செய்தி, நடுவில் வானிலை, முகப்பு இசை, அறிவிப்புகள் எல்லாம் போக எங்கள் கையில் நின்றது 48 நிமிடம். எங்கள் தொகுப்பாளர் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள். அதாவது முழு நிகழ்ச்சியும் 5,000 சொற்களுக்குள் அடக்கம். அதிலும் பாதிக்கு மேல் விருந்தினர் பேசுவது. "இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே" என்று நேயர்கள் எழுதும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் எனக்கு நினைவுக்கு வரும்.

நீங்கள் சொன்ன மூன்றில் செய்தி தானாக வந்துவிடும். பண்பாடும் அப்படித்தான், புத்தகம் வெளியிடுகிறவர், நாடகம் போடுகிறவர், இசைத்தட்டு கொண்டுவருகிறவர் எல்லோரும் நம்மைத் தேடி வருவார்கள், சிலர் விடாமல் தேடி வருவார்கள். கஷ்டம் மூன்றாவதில். அன்றாட வாழ்க்கைக்குப் பத்திரிகைக் குறிப்பு அனுப்ப ஆளில்லை. நாம்தான் போய்ப் பொறுக்கிவர வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரின் 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்'. 1971 மே 3, திங்கட்கிழமை, அதன் முதல் ஒலிபரப்பு. அன்று வாஷிங்டனில் வியட்நாம் போரை எதிர்த்துப் பெரும் போராட்டம். தெருவின் இரைச்சலையே ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்து நீளமாகப் போட்டார்கள். அதே நிகழ்ச்சியில் இன்னொரு துணுக்கும் உண்டு. ஐயோவா மாநிலத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. ஆண்கள் நீளமாக முடி வளர்க்கும் காலம் என்பதால் வியாபாரம் படுத்துவிட்டது. அதனால் பெண்களுக்குக் கால் மழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போராட்டமும் நீளமான தலைமுடியும் ஒரே காலத்தின் இரண்டு முகங்கள் என்பதை யாரும் விளக்கவில்லை, பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்த வகை நிகழ்ச்சியின் சூட்சுமம் எல்லாம் அந்த ஒரு நாளிலேயே இருக்கிறது என்பேன்.

எங்களுக்கு அப்படிக் கிடைத்தவை பெரும்பாலும் புகார்களிலிருந்துதான். ஒருமுறை வானிலை அறிக்கை மூன்று நிமிடம் தாமதமாகிவிட்டது. ஒரு பெண்மணி போன் போட்டுத் திட்டினார். வானிலை முடிந்ததும் வீட்டைப் பூட்டிக் கிளம்புவது அவர் வழக்கமாம். அன்று பேருந்தை விட்டுவிட்டார். அடுத்த வாரம் "நீங்கள் எதை வைத்து மணி பார்க்கிறீர்கள்?" என்று நேயர்களைக் கேட்டோம். தொலைபேசி ஓயவில்லை. முகப்பு இசை முடிவதற்குள் இரண்டு காலுக்கும் ஷூ மாட்ட வேண்டும் என்று பிள்ளைக்குப் போட்டி வைக்கும் அப்பா. இரவுப் பணி முடித்து வந்து, நாங்கள் "காலை வணக்கம்" சொல்லும்போது படுக்கப் போகும் ஒரு செவிலியர். அந்த எட்டு நிமிடத்தை எந்த நிபுணராலும் தந்திருக்க முடியாது.

அடுத்தது வரிசை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. விபத்துச் செய்தி முடிந்த கையோடு துள்ளலான ஜிங்கிள் போட்டால் கேட்கிறவருக்கு முகத்தில் அறைந்தது போல இருக்கும். அதற்காகக் கனமானதை எல்லாம் முன்னால் அடுக்கினாலோ, இருபதாவது நிமிடத்தில் ஆள் போய்விடுவார். நடுவில் பத்து விநாடி வாத்திய இசை, அல்லது தொகுப்பாளரின் ஒற்றை வாக்கியம், சில நேரம் வெறும் மூச்சு. இதை நாங்கள் 'ஒட்டு' என்போம். காலைக் கூட்டத்தில் தலைப்புகளைவிட ஒட்டுகளுக்குத்தான் அதிகச் சண்டை போட்டிருக்கிறோம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவதும் ஒரு பழக்கம். மணி அடித்ததும் செய்தியறைக்கு இணைப்பு தானாக மாறிவிடும். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கத்தரித்துவிடும். பிபிசி 1924 பிப்ரவரி 5 முதல் நேரம் காட்ட ஆறு 'பிப்' ஒலிகளை ஒலிபரப்புகிறது. ஆறாவது மட்டும் சற்று நீளம், அது தொடங்கும் நொடிதான் சரியான மணி. அதன்மேல் பேசிவிடுவது அங்கே தொகுப்பாளர்களுக்குப் பெரிய அவமானம். எங்களிடம் பிப் கிடையாது, ஆனால் ஒரு தந்திரம் உண்டு: மூன்று நிமிட இசையைச் சரியாக 57வது நிமிடத்தில் ஓடவிட்டு, அதன் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை, மூடியே வைத்திருப்போம். பேச்சு எப்போது முடிகிறதோ அப்போது மெல்லத் திறந்தால் போதும். இசை மணிக்குச் சரியாக முடியும். எல்லாம் திட்டமிட்டபடி நடந்ததாக நேயர் நினைத்துக்கொள்வார்!

தொலைபேசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய இணைப்புகள் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் அது போய்விடும். காது தொடர்ந்து ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் தொலைபேசிப் பேட்டியை நாலு நிமிடத்துக்கு மேல் நான் விட்டதில்லை. பிறகு, நேயர் இணைப்பில் வந்ததும் "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்கோங்க" என்று கெஞ்சுவது. யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் தடுப்பதற்காக நேரலையைச் சில விநாடி தாமதித்தே வெளியே விடுகிறோம். பக்கத்தில் வானொலி ஓடினால், நேயருக்குத் தன் பேச்சே சில விநாடி கழித்துக் காதில் விழும். எவ்வளவு பெரிய பேச்சாளரும் திணறிப்போவார்.

விருந்தினர் போனை எடுக்காத நாட்கள் உண்டு. அதற்காகத் தேதி ஒட்டாத பதிவுகள் சில கையிருப்பில் இருக்கும். ஒரு நாள் பேராசிரியர் ஒருவர் எடுக்கவே இல்லை. பதற்றத்தில் கைக்கு வந்த கையிருப்பைத் தட்டினேன்: "தண்ணீர்ப் பஞ்சத்தில் செடிகளைக் காப்பது எப்படி". ஆறு நிமிடம். அதற்குச் சற்று முன்தான் கனமழை எச்சரிக்கை வாசித்திருந்தோம், வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. "முழங்கால் தண்ணீரில் நிற்கிற என் ரோஜாவுக்கும் ஏதாவது சொல்லுங்கள்" என்று ஒரு நேயர் எழுதினார். வாரம் முழுக்கக் கிண்டல். அன்றிலிருந்து ஒவ்வொரு கையிருப்புப் பதிவின் மேலும் 'வெயிலுக்கா, மழைக்கா' என்று எழுதிவைக்கத் தொடங்கினேன்.

ஆக, தீர்ந்துபோகுமா என்ற உங்கள் கேள்விக்கு என் நோட்டுதான் பதில். நேரமில்லாமல் வெட்டியதை எல்லாம் அதில் குறித்துவைப்பேன். சிலது அடுத்த வாரம் ஒலிபரப்பாகும், சிலது பழசாகிவிடும். நான் வேலையை விட்ட அன்று அடிக்கப்படாமல் அதில் 41 வரிகள் பாக்கி. முதல் வரி, சேர்ந்த புதிதில் எழுதியது: "லிஃப்டுக்குள் ஏறியதும் எல்லோரும் ஏன் கதவைப் பார்த்தே நிற்கிறோம்?"