அந்தச் சிவப்புச் சோறு: சொல்வதா, மறைப்பதா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். நாங்களும் குழந்தைகளும் (9 வயது, 5 வயது) கோழி சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை இரவு என்றால் எங்களுக்கு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ் பாணி மெக்சிகன்) சாப்பாடுதான். போன வாரம் பெரியவர்களையும் அழைத்துப் போனோம். தட்டில் வந்த சிவப்புச் சோற்றையும் மசித்த பீன்ஸையும் (ராஜ்மா மாதிரிப் பயறு) அத்தை அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார். அந்தச் சோறு கோழிச் சாற்றில் வேகவைத்தது என்று மறுநாள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. "நடந்தது நடந்துபோச்சு, அம்மாகிட்ட சொல்லாதே" என்கிறார் கணவர். அத்தையோ, "இந்த வெள்ளிக்கிழமையும் அங்கேதானே?" என்று ஆசையாகக் கேட்கிறார். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்னால். நீங்கள் அல்ல, உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மா. மருமகள் வாயிலிருந்து வந்தால், "தெரிந்தே போட்டாளோ" என்று எங்கோ ஒரு மூலையில் உறுத்தும். மகன் சொன்னால் கோபத்தோடு போய்விடும்.

அத்தை மறுபடி கேட்காமல் இருந்திருந்தால் நானே கொஞ்சம் தயங்கியிருப்பேன். இப்போது தயங்க இடமில்லை. போன வாரம் நடந்தது தெரியாமல் நடந்தது. இந்த வாரம் அதே சோறு அவர் தட்டில் வந்தால், அது நீங்கள் இருவரும் தெரிந்தே பரிமாறியது.

குழந்தைகள் தூங்கிய பிறகு, "கேட்காமல் விட்டது எங்கள் தப்பும்மா" என்று ஒரே வரியில் ஆரம்பிக்கட்டும். அவர் அழுதால் அழட்டும். தலைக்குக் குளிக்க வேண்டும், ஒரு வேளை பட்டினி கிடக்க வேண்டும் என்றால் குறுக்கே பேசாதீர்கள். முக்கியமாக, "கறியா சாப்பிட்டீங்க, வெறும் தண்ணிதானே" என்று சமாதானம் சொல்லப் போக வேண்டாம். ஆறுகிற புண்ணைக் கிளறுகிற பேச்சு அது.

அத்தைக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதில் ஆச்சரியமே இல்லை. அரிசியை எண்ணெயில் வறுத்து, தக்காளி, பூண்டு, சீரகம் சேர்த்து வேகவைக்கிற அந்தச் சோறு நம் தக்காளி சாதத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதிலும் சீரகத்தைத் தாராளமாகப் போடுவது டெக்சாஸ்காரர்களின் கைப்பழக்கம். மகள் வீட்டுக்கு ஹூஸ்டன் போயிருந்தபோது, முதல் முறை அந்த மாதிரிக் கடைக்குள் நுழைந்ததுமே எனக்கு நம்மூர் அடுக்களை வாசனைதான் அடித்தது. வாசனையை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம்.

இது மாட்டுப் பண்ணைகள் நிறைந்த மெக்சிகோ எல்லைப் பகுதியில் வளர்ந்த சமையல். எண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பும், தண்ணீருக்குப் பதில் கறிச் சாறும் அவர்களுக்கு இயல்பு. மசித்த பீன்ஸைப் பழைய முறையில் தாளிப்பது பன்றிக் கொழுப்பில்தான். குழம்பு மாதிரிக் கிண்ணத்தில் வரும் சார்ரோ பீன்ஸில் பன்றியிறைச்சித் துண்டுகளே கிடக்கும். சோள ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிய சீஸ் என்சிலாடா என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைப்போம். அதன் மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ அதன் சாறோ இருக்கும்.

அதனால் "இது வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பரிமாறுபவர் கறித்துண்டு இருக்கிறதா என்றுதான் யோசிப்பார். சாறும் கொழுப்பும் அவர் கணக்கில் வராது. "சோற்றில் கோழிச் சாறு உண்டா? பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் கூட்டமில்லாத பகல் நேரத்தில் போன் செய்து கேட்டுவிடுங்கள். பீன்ஸை எண்ணெயில் செய்கிற கடைகள் இப்போது நிறையவே உண்டு. உங்கள் கடையும் அதில் ஒன்றா என்று தெரிந்துகொண்டால், சொல்லும்போது சோற்றையும் பீன்ஸையும் சேர்த்தே சொல்லிவிடலாம். பீன்ஸ் விஷயத்தை அடுத்த மாதத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் அத்தை வரச் சம்மதித்தால் (வருவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே) சப்பாத்தி மாதிரியான மக்காச்சோள டார்ட்டில்லா சொல்லுங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த சோளத்தை அரைத்துத் தட்டுவது, கொழுப்பு தேவையில்லை. மைதா டார்ட்டில்லாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். அவகாடோவை மசித்த குவாக்கமோலே இருக்கிறது. டார்ட்டில்லாவில் வைத்துச் சாப்பிடுகிற வதக்கல், காய்கறி ஃபஹீட்டாவும் சொல்லலாம், ஆனால் தனிச் சட்டியில் வதக்கித் தரச் சொல்ல வேண்டும். சோளச் சிப்ஸும் தக்காளிச் சட்னி மாதிரியான சல்சாவும் உட்கார்ந்ததுமே இலவசமாக வந்துவிடும், எந்த எண்ணெயில் பொரித்தது என்று மட்டும் கேளுங்கள். சீஸில் சில வகை கன்றின் வயிற்றுச் சுரப்பால் உறைய வைத்தவை. அதையும் அத்தையிடம் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஃபஹீட்டா புகைந்துகொண்டு வரும் இரும்புத் தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதுக் கை எட்டும் இடத்தில் அதை வைக்க விடாதீர்கள். சத்தம் அடங்கினாலும் சூடு அடங்காது.

மாமனாரைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. பாவம், மாமனார்கள் எப்போதும் இப்படித்தான். காத்திருக்கும் நேரத்தில் அவருக்கு நாச்சோஸ் (சோளச் சிப்ஸ் மேல் சீஸ் உருக்கியது) கதையைச் சொல்லுங்கள். 1940களின் தொடக்கத்தில், டெக்சாஸ் எல்லைக்கு அந்தப்பக்கம் பியேத்ராஸ் நேக்ராஸ் என்ற மெக்சிகோ ஊரில், எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்களுக்கு இருந்ததை வைத்து ஒரு தட்டு ஒப்பேற்றினார் இக்னாசியோ அனாயா. இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாக நாச்சோ என்பார்கள். பலகாரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் டல்லாஸுக்கும் ஒரு பெருமை உண்டு. 1971இல் ஐஸ்கிரீம் மிஷினில் மார்கரீட்டா என்ற மதுபானத்தை உறைய வைத்தவர் அந்த ஊர்க்காரர் மரியானோ மார்ட்டினஸ். அந்த மிஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்கரீட்டா என்றால் என்ன என்று மாமனார் கேட்டால் பதில் உங்கள் கணவர் பொறுப்பு.

பில் வந்ததும் அவர் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார். டல்லாஸில் வரியே 8.25 சதவீதம், அதற்கு மேல் டிப்ஸ். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான் என்று சொல்லுங்கள், அடங்கிவிடுவார். அத்தனை கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவருக்கு 20 சதவீதத்துக்குக் குறைக்காதீர்கள்.

அந்தச் சோறு? அதை வீட்டிலேயே செய்யுங்கள், அத்தையையும் அடுப்படியில் கூட வைத்துக்கொண்டு. நீள அரிசியைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். தக்காளி, வெங்காயம், பூண்டு அரைத்த விழுது, சீரகப்பொடி, உப்பு. ஒரு பங்கு அரிசிக்கு விழுதோடு சேர்த்து இரண்டு பங்கு தண்ணீர். மூடி, சிறு தீயில் வைத்துவிட்டுக் கிளறாமல் விடுங்கள். குழைந்துவிட்டால் அது நம்மூர் தக்காளி சாதம்தான்.