வெள்ளை கேபினெட், புது பாகங்கள்: கேள்வி பதில்

வெள்ளை தீமில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பை அப்கிரேடு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: வெள்ளை எனக்கும் பிடிக்கும். ஆனால் கண்ணாடி வழியாகக் கண்ணில் படாத ஒரு பாகத்துக்கு, வெள்ளை என்பதற்காகவே கூடுதல் காசு கொடுப்பது எனக்கு ஒத்துவராது. பல பதில்களில் இந்தப் பிடிவாதம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திக், கோவை: அண்ணா, 2019 கடைசியில் போட்ட சிஸ்டம். ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கேபினெட்டை மட்டும் இப்போது வெள்ளையாக மாற்றினேன். உள்ளே எல்லாம் கறுப்பாக இருப்பது உறுத்துகிறது. மொத்தத்தையும் விற்றுவிட்டு ஏஎம்5-க்குப் போய்விடலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. ஏஎம்5 என்பது ஏஎம்டியின் புது சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம்; உங்களுடையது பழைய ஏஎம்4. மாறினால் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். அங்கே டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். உங்கள் டிடிஆர்4 ராமின் கீழ் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது, டேட்டா சென்டர்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். கையிலிருக்கும் 16 ஜிபியைக் கழற்றிப் போட இது நேரமில்லை.

உங்கள் பி450-யிலேயே ரைசன் 5000 வரிசை ஓடும். 5700எக்ஸ் வாங்குங்கள்: எட்டு கோர், அதே 65 வாட். பட்ஜெட் இடித்தால் 5600 போதும். கேம் ஆடுகிறவர்கள் தேடி அலையும் 5800எக்ஸ்3டி நியாயமான விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள், கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

வேலையின் வரிசை முக்கியம். பழைய 2600 மாட்டியிருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, இடையில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போர்டு கம்பெனியின் டவுன்லோடு பக்கத்தில் வெர்ஷனுக்குக் கீழேயே எழுதியிருப்பார்கள். அதற்கும் முன்னால் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். பிராசசர் மாறினால் அதற்குள்ளிருக்கும் டிபிஎம்மும் (அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் பகுதி, எஃப்டிபிஎம் என்பதும் அதுதான்) மாறிவிடும். முதல் பூட்டில் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யலாமா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க்கில் இருப்பது எல்லாம் பூட்டிக்கொண்டுவிடும்.

அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 பிராசசரின் அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும். பழைய தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைவது பெரும்பாலும் இப்படித்தான். கழற்றுவதற்கு முன் ஏதாவது ஒரு கேமை ஓடவிட்டுச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். பிறகு ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். கூலரைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரியும், அப்புறம் தூக்கலாம். ஸ்குரூ கழன்றதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு கீழே விழுந்துவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்துக்கொண்டு, தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கூலருக்கும் அது வேண்டும்.

5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. வெள்ளை டவர் கூலர் ஒன்று வாங்குங்கள், டீப்கூல் ஏகே400 வெள்ளை அல்லது தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ வெள்ளை. இரண்டும் ஏறத்தாழ 155 மில்லிமீட்டர் உயரம். உங்கள் கேபினெட் அவ்வளவு உயரத்துக்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூலர் ஒன்று உட்கார்ந்ததுமே போர்டின் கறுப்பு பாதிக்கு மேல் மறைந்துவிடும். நிறத்துக்காக இன்னொரு ஏஎம்4 போர்டு வாங்காதீர்கள்.

கார்த்திக் மறுபடி: கிராபிக்ஸ் கார்டு? 5060, 9060 எக்ஸ்டி இரண்டும் மனதில் இருக்கின்றன.

உங்கள் போர்டுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதிலும் 16 ஜிபி. பி450-யில் கார்டு செருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு லேனில் (டேட்டா போகும் பாதையில்) மட்டும் பேசும் கார்டு, மெமரியும் 8 ஜிபிதான். அந்த மெமரி நிரம்பி, கார்டு சிஸ்டம் ராமிடம் கை நீட்டும் நேரத்தில் பழைய ஸ்லாட்டில் எட்டு லேன் என்பது குறுகலான வழி, கேம் திக்கும். 9060 எக்ஸ்டி பதினாறு லேனையும் பயன்படுத்துகிறது. சுமார் 160 வாட்தான் என்பதால் நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். சஃபையர் ப்யூர், ஆஸ்ராக் ஸ்டீல் லெஜண்ட் இரண்டும் வெள்ளை வரிசைகள். கார்டின் நீளத்தைக் கேபினெட்டோடு ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

நிவேதா, மதுரை: என்னுடையது ஃபுல் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (எல்லாக் கேபிளையும் கழற்றி மாட்டலாம்), கேபிள்கள் கறுப்பு. வேறொரு கம்பெனியின் வெள்ளை மாடுலர் கேபிள் செட் ஆன்லைனில் வாங்கியிருக்கிறேன். பின் எல்லாம் சரியாக உட்காருகிறது. ஆன் செய்யலாமா?

செய்யாதீர்கள். இன்னும் ஆன் செய்யவில்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள்.

கேபிளின் ஒரு முனை போர்டுக்கும் கார்டுக்கும் போகிறது. அந்த முனைக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஸ்டாண்டர்டு உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல், இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கச்சிதமாக உட்காரும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். சாட்டா ஹார்டு டிஸ்க்தான் முதலில் சாகும், உள்ளே இருக்கும் குடும்பப் போட்டோக்களோடு.

அந்த செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள். பழைய கறுப்பு கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்கும், அதன் மறுமுனையில் வெள்ளை எக்ஸ்டென்ஷன் சேரும். அந்த முனை ஸ்டாண்டர்டு என்பதால் பயமில்லை. 24 பின் ஒன்று, கார்டுக்கான 8 பின் ஒன்று, இந்த இரண்டும் போதும். பிராசசருக்கு மேல் மூலையில் போகும் கேபிள் பெரும்பாலும் கூலருக்குப் பின்னால் ஒளிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் போட்டால் போர்டுக்குப் பின்பக்கம் கேபிள் குவியும், பக்கத்துக் கதவு மூடுகிறதா என்று ஒரு தடவை வெறுமனே மூடிப் பாருங்கள். 16 பின் கனெக்டர் உள்ள பெரிய என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே மலிவான எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளையே 'கிளிக்' கேட்கும் வரை அழுத்தி மாட்டுங்கள், நிறம் எதுவானாலும்.

பிரவீன், திருச்சி: அப்படியானால் வெள்ளை எஸ்எம்பிஎஸ்ஸே வாங்கிவிட்டால்?

உங்கள் கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் கீழே தகட்டு மூடிக்குள் இருக்கும்தானே? யார் பார்க்கப்போகிறார்கள்? அந்த வித்தியாசத்தில் ஒரு படி நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள்.

செல்வி, திருநெல்வேலி: சார், வெள்ளை கேபினெட்டின் முன்பக்கம் பழுப்பேறிவிட்டது. பெயின்ட் அடிக்கலாமா? கம்ப்யூட்டர் ஹாலில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெயின்டுக்கு அவசரமில்லை அம்மா. பூஜை அலமாரி என்று சொல்லிவிட்டீர்களே, முதலில் புகையைச் சந்தேகப்படுவோம். ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எண்ணெய் எல்லாம் சேர்ந்து மெல்லிய பிசுக்காகப் படியும், பார்ப்பதற்குப் பழுப்பேறியதைப் போலவே இருக்கும். முன் பேனலைத் தனியாகக் கழற்றுங்கள். ஒயரோடு வரும் பட்டன் பலகை இருந்தால் அதை முதலில் பிரித்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்து ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பானால் விஷயம் முடிந்தது.

துடைத்தும் போகவில்லை என்றால் பிளாஸ்டிக்கே மாறிவிட்டது என்று அர்த்தம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுப் பழுக்கும். ஸ்டீல் தகட்டின் பவுடர் கோட்டிங் அவ்வளவு எளிதில் மாறாது. அதனால்தான் பக்கத் தகடு பளிச்சென்றும் முன்பக்கம் பழுப்பாகவும் பல வீடுகளில் பார்க்கலாம். பியூட்டி பார்லரில் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைப் பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கும் ஒரு முறை உண்டு. பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் செய்வார்கள். சமமாகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும், நாளாக ஆக மறுபடி பழுப்பேறவும் செய்யும், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் எரியும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜன்னல் வெயில் நேராக விழாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இம்ரான், சென்னை: மெயின் ரோட்டுப் பக்கம் வீடு. வெள்ளை ஃபேன் ஒரு மாதத்திலேயே சாம்பல் நிறம் ஆகிறது.

காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன்கள், வெளியே தள்ளுபவற்றைவிடக் கூடுதலாக இருக்கட்டும். முன்னால் மூன்று உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. அப்போது கேபினெட்டுக்குள் அழுத்தம் சற்று அதிகமாகி, ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி புகாமல் காற்று வெளியேறும். தூசி ஃபில்டரில் தங்கும், அதைக் கழற்றித் தட்டினால் போதும். சுத்தம் செய்யும்போது ப்ளோயரை ஃபேன் மேல் நேராக அடித்துச் சுழலவிட்டு விளையாடாதீர்கள். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். வெள்ளை இறக்கைக்கு மென்மையான பெயின்ட் பிரஷ்தான் சரியான கருவி. தரையில் வைக்காமல் மேஜைக்கு ஏற்றினாலே பாதி தூசி குறையும்.

அருண், சேலம்: ராம் வெள்ளை, ஃபேன் வெள்ளை, கார்டு வெள்ளை, எல்லாம் வாங்கியாயிற்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளையாக இருக்கிறதே!

அது இருக்கத்தான் செய்யும். ஒன்று பாலாடை நிறம், ஒன்று நீலம் கலந்த வெள்ளை. பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த அலுமினியம், துணி உறை போட்ட கேபிள், மூன்றும் ஒரே வெள்ளையாக வரவே வராது. ஃபேன்களை மட்டுமாவது ஒரே மாடலில் வாங்குங்கள்; பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவற்றில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மற்றதை லைட்டால் சமாளிக்கலாம். எல்இடியை 255, 255, 255 (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு அளவில்) என்று விட்டால் பெரும்பாலும் நீலம் தூக்கலாக இருக்கும். நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ராமும் ஃபேனும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். ராத்திரி ரூம் லைட்டைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், இருட்டில் செய்தால் காலையில் ஏமாற்றமாக இருக்கும்.

லைட் என்றதும் இன்னொன்று. போர்டில் லைட் ஒயர் செருக 5 வோல்ட் மூன்று பின் ஹெடரும் உண்டு, 12 வோல்ட் நான்கு பின் ஹெடரும் உண்டு. 5 வோல்ட்டில் எரியும் ஏஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேனைத் தெரியாமல் 12 வோல்ட்டில் செருகினால் எல்இடி அந்த நொடியே போய்விடும். போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

அருண்: மானிட்டரின் பின்பக்கம் மட்டும் கறுப்பாக இருக்கிறது, என்ன செய்ய?

சுவர்தானே பார்க்கிறது, விடுங்கள்.

தினேஷ், ஈரோடு: கறுப்பு கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் வாரன்டி போகுமா?

போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி முடிந்த கார்டு என்றால், மேல் பிளாஸ்டிக் உறையையும் பின் தகட்டையும் முழுவதுமாகக் கழற்றித் தனியாக வைத்து அடிக்கலாம். ஹீட்சிங்க் தகடுகளில் பெயின்ட் படக்கூடாது, ஃபேன் இறக்கையிலும் கூடாது, எடை மாறினால் அதிரும். என்னைக் கேட்டால் பின் தகட்டுக்கு மட்டும் வெள்ளை வினைல் ஒட்டுங்கள். கார்டு படுத்த நிலையில் இருக்கும்போது கண்ணாடி வழியாகத் தெரிவது அந்தத் தகடும் பக்கவாட்டு ஓரமும்தான். ஃபேன்கள் கீழே பார்த்தபடி இருக்கும். தகட்டில் காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

ஷாலினி, தஞ்சாவூர்: ஐ5 12400, எச்610 போர்டு. ஐ7 14700கே போட்டால் தாங்குமா?

சாக்கெட் ஒன்றுதான், பயாஸ் அப்டேட் செய்தால் ஏறிவிடும். ஆனால் பெரும்பாலான எச்610 போர்டுகளின் பவர் பகுதி அந்த பிராசசருக்குப் போதாது, லோடு வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 13, 14-ஆம் தலைமுறை பெரிய இன்டெல் பிராசசர்களில் வோல்டேஜ் கோளாறு வந்து, 2024-ல் பயாஸ் வழியாகப் போடும் மைக்ரோகோடு திருத்தங்கள் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். செகண்ட் ஹாண்டில் வாங்க நினைத்தால் இதை மறக்காதீர்கள். 12400 கேமுக்கு இன்னும் நல்ல பிராசசர். பணத்தைக் கார்டில் போடுங்கள்.

கோபி, சென்னை: எம்எஸ்ஐ ப்ராஜெக்ட் ஜீரோ போல, கேபிளைப் பின்பக்கம் மாட்டும் வெள்ளை போர்டுகள் எப்படி? ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, ஆன்லைனா?

பார்க்க அவ்வளவு சுத்தமாக வேறு எந்த போர்டும் இருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பின்பக்க கனெக்டர்களுக்கு இடம்விட்டு வெட்டிய கேபினெட் வேண்டும். சாதாரண கேபினெட்டில் போர்டே உட்காராது. இரண்டையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கடையோ ஆன்லைனோ, இரண்டு இடத்திலும் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு வசதி, வெள்ளைப் பாகத்தைப் பெட்டி பிரித்துக் காட்டச் சொல்லலாம். மூலையில் கீறல், பெயின்ட் பெயர்ந்தது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கறுப்பில் மறையும் கீறல் வெள்ளையில் மறையாது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், பெட்டியில் இருக்கும் நம்பரும் பாகத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். இறக்குமதியாளர் ஸ்டிக்கரையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், வாரன்டிக்குப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.