டீசலில் நானோ துகள் கலந்தால் புகை குறையுமா, மைலேஜ் கூடுமா?

புகை குறையும், அதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கடையில் பாட்டில் வாங்கி டேங்கில் ஊற்றாதீர்கள்.

இன்ஜினியரிங் கடைசி வருட ப்ராஜெக்ட் இதுதான். கல்லூரி லேபில் ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர் இன்ஜின். லிட்டர் டீசலுக்கு 50 மில்லிகிராம் சீரியம் ஆக்சைடு, அதாவது சீரியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த பொருளின் நானோ துகள். புகைமானியில் அளவு இறங்கியதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் பார்த்தால் துகள் முழுக்க ஜாடியின் அடியில் வண்டலாகக் கிடந்தது. அல்ட்ராசானிக் கருவியில் அரை மணி நேரம் கலக்கியது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. இதே வண்டல் வண்டியின் டேங்கில் படிந்தால் டீசல் ஃபில்டரும் இன்ஜெக்டரும் என்ன ஆகும்?

சரி, புகை ஏன் குறைகிறது? சீரியம் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுத்துவிட்டு, காற்றிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். அதனால் கரி குறைந்த வெப்பத்திலேயே எரிந்துவிடுகிறது.

இதை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்தார். 2000-ல் வந்த பெஜோ 607 டீசல் காரில், புகை போகும் வழியில் வடிகட்டி வைத்தார்கள். அதில் சேரும் கரி எரிய சுமார் 550 டிகிரி வெப்பம் வேண்டும். ஊருக்குள் மெதுவாக ஓடும் காரின் புகையில் அவ்வளவு சூடு ஏது? அதனால் சீரியம் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் வைத்து, டீசல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தானாகக் கொஞ்சம் கலக்கும்படி செய்தார்கள். கரி 450 டிகிரியிலேயே எரிந்தது. அந்தச் சூட்டுக்கும் இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீரியம் எரியாது, சாம்பலாக வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஆரம்பத்தில் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வடிகட்டிதான். அது இல்லாத பழைய வண்டியில் ஊற்றினால் உலோகத் துகள் சைலன்சர் வழியாக வெளியே வந்து, பின்னால் பைக்கில் வருகிறவரின் நுரையீரலுக்குப் போகும். கண்ணுக்குத் தெரியும் கருப்புப் புகையைக் குறைக்க, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காற்றில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் கார் என்றால் வடிகட்டி ஏற்கெனவே இருக்கிறது, கரி எரிய உதவும் வினையூக்கிப் பூச்சும் உண்டு. நீங்கள் ஊற்றும் உலோகம் சாம்பலாகி அதை அடைக்கத்தான் உதவும்.

அப்புறம் மைலேஜ். பிரிட்டனில் ஸ்டேஜ்கோச் நிறுவனத்தின் பேருந்துகளில் சீரியம் கலவையை ஊற்றி ஓட்டினார்கள். அங்கே பேசப்பட்ட டீசல் மிச்சமே 5 சதவீதம் போலத்தான். டயரில் காற்று குறைந்திருந்தாலோ ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ அது அப்படியே போய்விடும். பழைய வண்டி கரியாகக் கக்கினால் முதலில் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் செய்யக் கொடுங்கள்.