பஸ் ஏறுமுன் ஒரு போன் போடுங்கள்

வணக்கம் அம்மா.

மகள் கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுகிறாள், பினாங்கு, ஷா ஆலாம் என்று அலைந்ததில் கையிருப்பு கரைந்ததுதான் மிச்சம், இனியும் அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மட்டும் அனுப்பாதீர்கள்.

இன்டர்வியூவுக்கு வந்து போகும் செலவை முதலாளி தர வேண்டும் என்று நம் மலேசியாவில் சட்டம் இல்லை. ஆள் எடுப்பவருக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தியோடு வேலை முடிந்தது. 2 இடத்துக்கு 60 பேரைக் கூப்பிட்டாலும் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. நட்டமெல்லாம் உங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறுகிறவருக்குத்தான். எனவே எது போகத் தகுந்த அழைப்பு என்று சலித்துப் பார்க்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதுவும் வீட்டில் இருந்தபடியே.

முதலில் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஷா ஆலாமில் காலை 9.30-க்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்வோம். ஈப்போவரை போய் அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து, போக வர 80 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு பக்கமும் கிராப் வாடகைக் கார் 50. சாப்பாடு 20. போட்டோ, நகல் எடுக்க 15. ஆக 165. மகள் இப்போது கடையில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நிற்கிறாள் என்றால் ஒரு நாள் கூலியும் போகும்: மாதச் சம்பளம் 1,700-ஐ 26 வேலை நாளால் வகுத்தால் 65 வெள்ளி 38 காசு. 230 ஆகிவிட்டது. பெண்பிள்ளை தனியாகப் போகிறாளே என்று அப்பாவும் வேலைக்கு மட்டம் போட்டுக் கூடப் போனால் 400-ஐத் தொடும். இரண்டாவது சுற்றுக்கு வேறொரு நாள் வரச் சொன்னால் அதே செலவு மறுபடியும். ஒரு மாதத்தில் எத்தனை பயணம் தாங்கும் என்பதை இந்தக் கணக்கை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். அழைப்பு வந்த பரபரப்பில் முடிவு செய்தால் எல்லா அழைப்பும் நல்ல அழைப்பாகத்தான் தெரியும்.

அழைப்பு வந்ததும் மகள் போனில் பேசட்டும். பிறகு பேசியதையே வாட்ஸ்ஆப்பில் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். கம்பெனியின் முழுப் பெயரும் எஸ்.எஸ்.எம். (கம்பெனிகளைப் பதியும் ஆணையம்) பதிவு எண்ணும் என்ன (இப்போதைய எண் 12 இலக்கம்), வேலை செய்யும் இடம் எது, 'காஜி போக்கோக்' (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, எத்தனை சுற்று, அனைத்தையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா, முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா, தனக்குக் குறித்த நேரமா அல்லது வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும் ஏற்பாடா. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கான மனிதவளப் பிரிவு ஐந்து நிமிடத்தில் பதில் போட்டுவிடும். "வாங்க, நேரில் பேசிக்கலாம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிற இடத்துக்குப் போகாமல் இருந்தால் 230 வெள்ளி மிச்சம்.

இவற்றில் அடிப்படைச் சம்பளக் கேள்வியைத்தான் பலரும் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தில் "3,500 வரை சம்பாதிக்கலாம்" என்று இருக்கும். அந்த 'வரை'யைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை 1,700 என்றால் ஒரு நாளுக்கு 65.38. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8.17. சாதாரண நாளில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. ஓ.டி. மூலமாகவே 3,500-ஐ எட்ட வேண்டுமென்றால் மாதம் ஏறக்குறைய 147 மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். சட்டம் அனுமதிப்பதோ மாதத்துக்கு 104 மணி நேரம். அந்த 104-ஐயும் முழுதாகச் செய்தாலும் கைக்கு வருவது 1,275. அடிப்படையோடு சேர்த்து 2,975 சொச்சம். மீதியை ஷிஃப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ், ஓய்வு நாள் வேலை என்று நிரப்பிக் காட்டுவார்கள். வருகை அலவன்ஸ் ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தாலே போய்விடும் இடங்களும் உண்டு. இ.பி.எஃப். (சேமநிதி) வேறு உங்கள் பங்காக 11 விழுக்காடு பிடிக்கப்படும். இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. 3,500 என்று நம்பி பஸ் ஏறிப் போய், மேசையில் உட்கார்ந்த பிறகு 1,700 என்று கேட்பதுதான் தப்பு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்பது 2025 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பொருந்தும். "நாங்க சின்னக் கடைதானே" என்ற பேச்சு இனிச் செல்லாது.

அடுத்தது மொழி. மெண்டரின் (சீன மொழி) தெரிய வேண்டும் என்பதை விளம்பரத்தில் போடாமல், ஈப்போவிலிருந்தோ இன்னும் தூரத்திலிருந்தோ பிள்ளைகளை வரவழைத்து, முகத்தைப் பார்த்த பிறகு சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன அவமானம். வாடிக்கையாளர் எல்லாம் சீனாவில் இருந்தால் மெண்டரின் நியாயமான தேவைதான். ஈப்போ கிளையில் கணக்கு எழுத ஏன் என்று கேட்டால் பதில் வராது. போனிலேயே "இந்த வேலைக்கு மெண்டரின் கட்டாயமா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கசப்பான கேள்விதான், பஸ் காசு மிஞ்சும்.

திருமணம் எப்போது, பிள்ளை பெறத் திட்டமா என்று பெண்பிள்ளைகளிடம் கேட்பார்கள். "வேலை நேரத்துக்கு என்னால் வர முடியுமா என்பது உங்கள் கவலை என்றால், முடியும்" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். 2011-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம், கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காக ஒரு தற்காலிக ஆசிரியைக்குத் தந்த வேலையைத் திரும்பப் பெற்றது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம்; அரசியலமைப்பின் 8(2) பிரிவைக் காட்ட முடிந்தது. தனியார் கம்பெனியிடம் அந்த வழி கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் பிரிவு பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க வழி செய்கிறது. அதுவும் ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. இன்னும் வேலையில் சேராதவர் அதற்குள் தெளிவாக வரவில்லை. சட்டம் காப்பாற்றும் என்று நம்பி அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவும்.

"மேனேஜ்மெண்ட் டிரெய்னி" என்ற பெயரில் கடை வீட்டு மாடிக்கோ ஹோட்டல் அறைக்கோ கூப்பிட்டால் விற்பனை வேலையா, கமிஷனா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான். அங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் ஒரே பதவிக்குத்தான் வந்திருப்பார்கள், நாற்பது பேருமே தேர்வாவார்கள்.

பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், மருத்துவப் பரிசோதனைக்கு முன்பணம் என்று இன்டர்வியூவுக்கு முன்னரே கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டுத் தொழிலாளர் இலாகாவில் சரிபார்க்கலாம். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 997-க்கும் (மோசடிப் புகார் எண்) வங்கிக்கும் அழைத்துவிட்டு, பிறகு போலீஸ் புகார். சம்பளம் போடத்தான் என்று சொல்லி ஏ.டி.எம். அட்டையையும் பின் எண்ணையும் கேட்பது இன்னும் ஆபத்து. அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனால் வழக்கு வருவது கணக்குக்காரர் பெயருக்கு.

சான்றிதழ் விஷயத்தில் அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், டிப்ளோமா, ஐ.சி. (அடையாள அட்டை) எதையும் "கோப்பில் வைத்துக்கொள்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. ஐ.சி. நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் கம்பெனியின் வேலை விண்ணப்பத்துக்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுக்கட்டும்.

மூன்று நாள் சும்மா வேலை செய்து காட்டு என்பதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் மென்பொருளில் பதிவு போட்டுக் காட்டுவது தேர்வு. நாள் முழுக்க அவர்களுடைய பில்லை ஏற்றுவது வேலை. வேலை என்றால் சம்பளம். செய்துவிட்டுப் பணம் வரவில்லை என்றால் வந்த நேரம், போன நேரம், யார் வேலை கொடுத்தார் என்ற வாட்ஸ்ஆப் செய்திகளோடு தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அழைப்பை ஏன் எழுத்தில் வாங்கச் சொன்னேன் என்பது அப்போது புரியும். அதேபோல் இரண்டு வருட பாண்ட் (இடையில் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) தாளை அந்த மேசையிலேயே கையெழுத்திடச் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லட்டும். இடையில் விலகினால் எவ்வளவு, எந்தப் பயிற்சிக்காக என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். பயிற்சியே இல்லாமல் 10,000 வெள்ளி பாண்ட் போடுகிற இடத்தில் ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்தில் மகள் பதிந்துவிட்டாளா? இலவசம். அதிலும் ஒரு நெளிவு உண்டு. வெளிநாட்டவரை எடுக்க விண்ணப்பிக்கும் முதலாளி முதலில் அங்கே விளம்பரம் போட வேண்டும் என்பது விதி. அதனால் பெயருக்குப் போட்ட விளம்பரங்களும் கலந்திருக்கும். ஒரே வேலை, ஒரே சம்பளம் மாதக்கணக்கில் மறுபடி மறுபடி வந்தால் அதற்காக ஷா ஆலாம் வரை போக வேண்டாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் ஈப்போவில் நடக்கும் வேலைவாய்ப்புச் சந்தைகள் மேல்: ஒரே நாள், ஒரே பஸ் காசு, பத்து முதலாளிகள்.

இந்த மாதம் ஈப்போ, கோல கங்சார், தைப்பிங் வட்டத்துக்குள் எத்தனை வேண்டுமானாலும் போகட்டும். பினாங்குக்கும் ஷா ஆலாமுக்கும் மொத்தம் இரண்டே பயணம், அதுவும் மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு. அடுத்த அழைப்பு வந்ததும் அந்தச் செய்தியையும் விளம்பரத்தையும் அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.