கோல்ஃப் கார்ட் பேட்டரி: செட்டையே மாற்றுவதற்கு முன்

கேள்வி: 48 வோல்ட் கோல்ஃப் கார்ட், 8 வோல்ட் பேட்டரி ஆறு. வாங்கி நான்கு வருடம். இரவு முழுக்க சார்ஜ் போட்டு பச்சை விளக்கு வந்த பிறகும் முன்பு ஓடிய தூரத்தில் பாதிகூட ஓடுவதில்லை, மேட்டில் திணறுகிறது. மீட்டரில் மொத்தம் 50.4 வோல்ட் காட்டுகிறது. சர்வீஸ் ஆள் ‘செட்டையே மாற்றிவிடுங்கள்’ என்கிறார். ஆறுமே போய்விட்டதா?

பதில்: 50.4 என்ற ஒரு எண்ணை வைத்து அவரும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது. ஆறு பேட்டரியும் தலா 8.40 இருந்தாலும் கூட்டுத்தொகை 50.4. ஐந்து 8.46 இருந்து ஒன்று மட்டும் 8.10-இல் கிடந்தாலும் அதே 50.4தான். முதல் செட்டில் பெரிய குறை இல்லை. இரண்டாவதில் ஒரு பேட்டரி பாதி சார்ஜில் நிற்கிறது, மற்ற ஐந்தும் அதற்காகத் தண்டனை அனுபவிக்கின்றன. எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது இருப்பதிலேயே பலவீனமான பேட்டரிதான்.

எனவே ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சாவியை அணைத்து, ‘டோ’ சுவிட்ச் (வண்டியை இழுத்துச் செல்லும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது) இருந்தால் அதை டோ பக்கம் தள்ளுங்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. பேட்டரிகளுக்குச் சாக்பீஸால் 1 முதல் 6 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். முழு சார்ஜ் முடிந்து, சார்ஜரைக் கழற்றி, குறைந்தது ஆறு மணி நேரம் சும்மா விட்ட பிறகுதான் மீட்டர் வைக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிய கையோடு பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் நல்ல எண்ணாகக் காட்டி ஏமாற்றும். ஓய்வில் முழு சார்ஜ் என்றால் 8 வோல்ட் பேட்டரியில் 8.49 அருகே, 6 வோல்ட்டில் 6.37, 12 வோல்ட்டில் 12.73. ஒரு செல் (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறை) ஷார்ட் ஆகியிருந்தால் ஏறக்குறைய 2 வோல்ட் அப்படியே குறையும். 8 வோல்ட் பேட்டரி 6.3 காட்டினால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை, அந்த பேட்டரி முடிந்தது.

ஆனால் ஓய்வில் எல்லாம் சரியாக இருந்து, ஓட்டத்தில் மட்டும் சரிகிற பேட்டரிதான் அதிகம். வழக்கமாக ஓடும் தூரத்தில் பாதி ஓட்டிவிட்டு, அதன் பிறகு லோடு டெஸ்ட், அதாவது மேட்டில் ஏறும்போதே அளக்கும் சோதனை, செய்யுங்கள். முழு சார்ஜில் பலவீனமான பேட்டரியும் சமாளித்துவிடும். ஒருவர் ஓட்ட, மற்றவர் கிளிப் வைத்த நீளமான வயரோடு மீட்டரைக் கையில் பிடித்துப் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே மேடு, ஒரே வேகம், ஒரே இடத்தில் எண்ணைக் குறிக்க வேண்டும். மீட்டரை அடுத்த பேட்டரிக்கு மாற்றினால் மறுபடி கீழிருந்து ஏறுங்கள். ஐந்து பேட்டரி 7.6 பக்கம் நின்று, நான்காம் எண் மட்டும் 6.5-க்கு இறங்கினால் ஆள் சிக்கிவிட்டது. இதில் முக்கியம் எண் அல்ல, வித்தியாசம்தான். மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் சந்தேகிக்கலாம்.

அதே ஏற்றத்தில் கேபிளையும் பார்த்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஒரு பேட்டரியின் டெர்மினல் போஸ்ட்டிலும், மற்றதைக் கேபிளின் மறுகோடியில் உள்ள போஸ்ட்டிலும் வைத்தால், அந்தக் கேபிளும் அதன் இரு முனையிலும் உள்ள உலோக வளையமான லக்கும் விழுங்கும் வோல்டேஜ் தெரியும். எல்லாக் கேபிளும் கிட்டத்தட்ட ஒரே அளவு விழுங்க வேண்டும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அங்கே துரு அல்லது தளர்ந்த நட். வண்டியை நிறுத்திய உடனே பார்த்தால் அந்த லக் சூடாக இருக்கும், சில நேரம் சுற்றியுள்ள ஈயம் உருகி வழிந்த அடையாளமும் தெரியும். பல ‘செத்துப்போன’ செட்டுகளின் நோய் இந்த ஒரு நட்தான். டயரில் காற்றுக் குறைவு, பிரேக் உரசல் இரண்டும் இதே அறிகுறியைத் தரும். சமதரையில் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள், சுலபமாக உருள வேண்டும்.

கடைசித் தீர்ப்பு ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டருடையது. 8 வோல்ட் பேட்டரிக்கு நான்கு செல், ஆறு பேட்டரிக்கு 24 எண். முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். ஆசிட்டை இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, அதன் பிறகு படியுங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே அளந்தால் அர்த்தமில்லை, ஒரு சார்ஜ் ஓடி அது கலந்தாக வேண்டும். ஆசிட்டின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள், கீழே போனால் கழியுங்கள். ஒரே பேட்டரிக்குள் செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால், அதாவது மூன்று செல் 1.265, ஒன்று 1.190 என்றால், அந்தச் செல் பழுது. 24-உம் ஒரே மாதிரி 1.220 என்றால் கதை வேறு. அது பேட்டரியின் சாவு அல்ல, சார்ஜ் போதவில்லை. முதலில் ஈக்வலைஸ் சார்ஜ், அதாவது எல்லாச் செல்லையும் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் சார்ஜ், கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் ஆசிட் பேட்டரிக்கு மட்டும்தான் இது, மூடி முத்திரையிட்ட ஜெல், ஏஜிஎம் வகைப் பேட்டரிகள் பக்கம் போகவே கூடாது. ஒரு செல்லுக்கு 2.58 முதல் 2.70 வோல்ட் வரை, 48 வோல்ட் செட்டுக்கு 62 முதல் 64.8. மணிக்கு ஒருமுறை ஹைட்ரோமீட்டர் வையுங்கள், எண் மேலே ஏறுவது நின்றால் நிறுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகும் சர்வீஸ் ஆள் செட் மாற்றச் சொன்னால், டிஸ்சார்ஜ் டெஸ்டர் (ஒரே அளவு மின்சாரத்தை உறிஞ்சி நேரத்தைக் கணக்கிடும் கருவி) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோல்ஃப் கார்ட் பேட்டரிக்கு 56 அல்லது 75 ஆம்பியரில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். செட்டை அதே ஆம்பியரில் 42 வோல்ட் வரை இறக்கி, வந்த நிமிடத்தை அதோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான சோதனை. பாதிக்கும் கீழே வந்தால் அவர் சொன்னது சரி.

கேள்வி: ஒன்றுதான் பழுது என்று தெரிந்துவிட்டது. அதை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாமா?

பதில்: செட்டுக்கு ஒரு வருடம் ஆகாவிட்டால் போடலாம். நான்கு வருட செட்டில் புதிதைச் சொருகுவது வீண் செலவு. சார்ஜர் மொத்த வோல்டேஜைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது, யார் புதிது யார் பழசு என்று அதற்குத் தெரியாது. பழையவை சீக்கிரம் வோல்டேஜ் ஏறி சார்ஜரை நிறுத்திவிடும், புதிது அரைகுறை சார்ஜிலேயே கிடந்து சல்ஃபேஷன் (பிளேட்டில் படியும் கெட்டியான சல்ஃபேட்) பிடிக்கும். மற்ற ஐந்தும் டிஸ்சார்ஜ் சோதனையில் தேறினால், அதே மாடல், ஏறத்தாழ அதே வயதுள்ள, சோதித்துப் பார்த்த பழைய பேட்டரி ஒன்று போடுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு மூன்று பழுது என்றால் செட்டையே மாற்றுங்கள்.

புதிதாக வாங்கும்போது ஆறிலும் தேதிக் குறி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தும் வருடத்துக்கு ஓர் இலக்கமும் போடுவார்கள். ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். கடையிலேயே மீட்டர் வையுங்கள். 8 வோல்ட் பேட்டரி 8.3-க்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடாமல் நாள்கணக்கில் கிடந்த சரக்கு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உத்தரவாதத்தில் எத்தனை மாதம் வரை புதிதே தருவார்கள், எப்போதிலிருந்து விகிதப்படி கழிப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முதல் சில வாரம் தூரம் கொஞ்சம் குறைவாகவே வரும். ஆசிட் பேட்டரி முழு சக்திக்கு வர 50 முதல் 100 சார்ஜ் ஆகும், அதற்குள் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் வண்டியில் எப்போதும் முதல் இரண்டு பேட்டரிதான் போகிறது. மாற்றினாலும் அதே இரண்டு.

பதில்: விளக்கு, ஹாரன், ஃபேன் வயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். 12 வோல்ட் சாமான்களை ஓட்டுவதற்காக அந்த இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் யாரோ தனி வயர் இழுத்து மின்சாரம் எடுத்திருப்பார்கள். அவை மற்றவற்றைவிட அதிகமாக இறங்குகின்றன, ஆனால் சார்ஜர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் ஏற்றுகிறது. முழு செட்டின் இரு கோடியிலிருந்தும் எடுத்து 48-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போடுங்கள்.

கேள்வி: சார்ஜர் பழுதா, பேட்டரி பழுதா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: சார்ஜ் ஓடும்போதே மீட்டர் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் செட்டின் மொத்த வோல்டேஜ் 60-ஐத் தாண்டி சார்ஜர் நின்றுவிட்டு, வண்டியும் ஓடாவிட்டால் பேட்டரி கொள்ளளவு இழந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் 56-ஐத் தாண்டாமல் ஒரு பேட்டரி மட்டும் கொதித்தால் அதில் செல் ஷார்ட். எல்லாமே குளிர்ச்சியாக இருந்து வோல்டேஜ் ஏறவே இல்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். சார்ஜரே கிளம்பவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். செட் மிகவும் இறங்கிப்போனால் பல சார்ஜர்கள் அதை அடையாளம் காணாது. ஒவ்வொரு பேட்டரியையும் அதற்கேற்ற சிறிய சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) போட்டால் பழைய பேட்டரி உயிர் பெறும் என்கிறார்களே?

பதில்: போடாதீர்கள். ஹைட்ரோமீட்டர் எண் ஏறும், சக்தி ஏறாது. அதற்குப் பிறகு உங்களால் எந்தச் செல்லையும் நம்பி அளக்க முடியாது, உத்தரவாதமும் போய்விடும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் முழு சார்ஜுக்குப் பிறகு, மூடிக் குழாயின் அடிவிளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை. சார்ஜுக்கு முன்பே பிளேட் வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள்.