அப்பாவின் கைப்பேசிக்கு வரும் மோசடிச் செய்திகளை எப்படி அடையாளம் காண்பது? தெரியாமல் தொட்டுவிட்டால் என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் தனியாக இருக்கும் உங்கள் அப்பாவுக்கு வங்கி, பார்சல், மின்கட்டணம் என்று தினமும் ஏதாவது ஒரு செய்தி வருவதாகவும், மெய் எது பொய் எது என்று அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, பேசாமல் ஸ்மார்ட்போனையே வாங்கி வைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் 31 ஆண்டுகள் அஞ்சல் அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவீர்கள் என்று எங்களைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நானே ஒரு முறை மாட்டிக்கொள்ள இருந்தேன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குவைத்தில் செவிலியராக இருக்கும் மகள் ஒரு பார்சல் அனுப்பியிருப்பதாகச் சொன்ன வாரம் அது. உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை முயன்றும் முகவரி முழுமையாக இல்லாததால் கொடுக்க இயலவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யுங்கள் என்று அஞ்சல் துறையின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கீழே இருந்த இணைப்பைத் தொட்டேன். துறையின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்து, மறுபடி கொண்டுவரக் கட்டணம் 25 ரூபாய் என்றது. 25 ரூபாய்தானே என்று டெபிட் அட்டையின் எண்களைக் கொடுத்தேன். ஓடிபி வந்தது. பழைய பழக்கத்தில் செய்தியை முதல் எழுத்திலிருந்து படித்தபோது, அந்த ஆறு இலக்கங்களுக்கு முன்னால் தொகை 48,900 ரூபாய் என்றும், அதன் அருகே நான் கேள்விப்பட்டிராத ஒரு வணிக நிறுவனத்தின் பெயரும் இருந்தன. கை அப்படியே நின்றுவிட்டது. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்து உடனே அட்டையை முடக்கினேன்.

வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்தச் செய்தி பொய் என்பதற்கான எல்லாக் காரணங்களும் எனக்கு முன்பே தெரியும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போவார்; பொருள் ஏழு நாள் அலுவலகத்தில் காத்திருக்கும். துறை வழியாக வரும் பொருளுக்கு இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அந்தச் செய்தியில் எந்த எண்ணும் இல்லை. இத்தனையும் தெரிந்தவன் தொட்டதற்குக் காரணம், நான் உண்மையாகவே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்ததுதான். இவர்கள் ஒரே செய்தியை லட்சம் பேருக்கு அனுப்புகிறார்கள்; அந்த லட்சத்தில் பார்சலுக்குக் காத்திருப்பவர்கள் சில நூறு பேராவது இருப்பார்கள். ஆகவே அப்பாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது போலிச் செய்தியின் அடையாளங்களை அன்று. செய்தி உண்மையாகவே இருந்தாலும் சரி, அது காட்டும் இணைப்பிலோ எண்ணிலோ போகாமல், தமக்கு முன்பே தெரிந்த வழியில் போய் விசாரிக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். வங்கி என்றால் பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண். மின்வாரியம் என்றால் பிரிவு அலுவலகம். தபால் என்றால் நேரே கருங்கல் அஞ்சலகம்.

அடையாளங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இரண்டாவது வேலி. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியோடு ஓடி வந்தார். "அண்ணாச்சி, போன மாசப் பில்லு கட்டலியாம், ஒன்பதரைக்கு வந்து பீஸைப் பிடுங்குவானுவளாம், இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கு" என்றார். நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. 'போன மாதப் பில்' என்ற ஒன்றே இங்கே கிடையாது. எங்கோ உட்கார்ந்து நாட்டுக்கெல்லாம் பொதுவாக எழுதியவனுக்கு அது தெரியவில்லை. அதோடு, வந்தது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து. அந்த எண்ணை அழைத்திருந்தால், 'விவரத்தைச் சரிபார்க்க' என்று சொல்லித் தொலைவிலிருந்தே நம் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதன் பிறகு நாம் தட்டும் ஒவ்வொரு எண்ணையும் அவர்கள் பார்ப்பார்கள். இரவு, கெடு, இருட்டு மூன்றையும் சேர்த்து வைத்திருக்கும் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பாராட்டலாம்.

வங்கிகளும் அரசுத் துறைகளும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகள் எண்ணிலிருந்து வருவதில்லை. பதிவு செய்த ஆங்கில எழுத்துத் தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் அந்தத் தலைப்பின் கடைசியில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்க்கப்படுகின்றன: விளம்பரத்துக்குப் 'பி' (P), சேவைக்கு 'எஸ்' (S), பணப் பரிமாற்றத்துக்கு 'டி' (T), அரசுக்கு 'ஜி' (G). அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, கணக்கு தொடர்பான அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பர அழைப்புகளை 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே செய்ய வேண்டும் என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 'உங்கள் கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது, இன்றே கணக்கு முடங்கும்' என்று சாதாரண எண்ணிலிருந்து வரும் செய்தியை இதைக் கொண்டே தள்ளிவிடலாம். ஆனால் தலைப்பு சரியாக இருப்பதை மட்டும் நம்பிப் பணம் சம்பந்தப்பட்ட எதையும் செய்யக் கூடாது. போலித் தலைப்போடு செய்தி அனுப்பும் கருவிகளும் பிடிபட்டிருக்கின்றன.

இணைப்பு முகவரியைப் படிக்கக் கற்றுக்கொடுக்க எனக்கு என் தொழிலே உதவியது. ஓர் உறையில் மேல் வரியில் 'நாகர்கோவில் தெரு' என்றும் கடைசி வரியில் 'ஜெய்ப்பூர்' என்றும் எழுதியிருந்தால் கடிதம் ஜெய்ப்பூருக்குத்தான் போகும்; பிரிப்பவர் கடைசி வரியையும் பின்கோட்டையும்தான் பார்ப்பார், 629 என்று தொடங்கினால் மட்டுமே நம் மாவட்டத்துக்கு வரும். இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்வுக்கோட்டைத் தாண்டி, அடுத்த சாய்வுக்கோடு வரை போய், அங்கிருந்து இடப்புறமாகத் திரும்பிப் படிக்க வேண்டும். 'இந்தியாபோஸ்ட் டாட் ஏதோ-ஒரு-பெயர் டாட் டாப்' என்று இருந்தால் அந்தப் பக்கம் 'ஏதோ-ஒரு-பெயர்' காரனுடையது. முன்னால் நிற்கும் இந்தியாபோஸ்ட் வெறும் தெருப் பெயர். அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளங்களை, வங்கிகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அந்தப் பூட்டுக்குப் பொருள் இல்லை. தளமே திருடனுடையதாக இருந்தால் அவனோடு பத்திரமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

மின்னஞ்சலிலும் இதே கணக்குதான். அனுப்பியவர் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டு முழு முகவரியை, குறிப்பாக 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். வருமான வரி திரும்பக் கிடைக்கிறது, இங்கே தொட்டுக் கணக்கு எண்ணைக் கொடுங்கள் என்ற அஞ்சல் ஒவ்வொரு ஆண்டும் வரும். திரும்பத் தர வேண்டிய தொகையை, நாம் ஏற்கனவே சரிபார்த்துக் கொடுத்த வங்கிக் கணக்கில்தான் துறை நேரே செலுத்துகிறது. நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சேதம் வெளிநாட்டு வேலைக் கடிதங்களால் வருகிறது. கனடா மருத்துவமனை, வளைகுடா எண்ணெய் நிறுவனம் என்று முத்திரையோடு வேலை நியமனக் கடிதம் வரும். அனுப்பிய முகவரி இலவச மின்னஞ்சலாக இருக்கும். விசாவுக்கு முன்பணம் கேட்கும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். கப்பல் வேலை என்றால், கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் உரிமம் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பிக்காத வேலைக்குக் கடிதம் வந்தால் அவ்வளவுகூடப் பார்க்க வேண்டியதில்லை.

அப்பா யுபிஐ பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்: பின் எண்ணைத் தட்டுவது பணம் கொடுப்பதற்கே, பணம் வாங்க எந்தப் பின் எண்ணும் தேவையில்லை.

இப்போது தொட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். வெறுமனே தொட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்து, எதையும் தட்டாமல், எதையும் இறக்காமல் மூடிவிட்டால் பெரும்பாலும் பாதகமில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும்; அதே சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறாரோ அங்கெல்லாமும் மாற்ற வேண்டும். நான் மிகவும் பயப்படுவது வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகளுக்குத்தான். அது படம் அன்று, செயலி. நிறுவிக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டால், ஓடிபி நம் கைப்பேசிக்கு வந்த நொடியே அவர்களுக்கும் போய்விடும், நாம் யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதை நிறுவிவிட்டால் முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு இணையத் தொடர்பை அறுக்க வேண்டும்; வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கின் இணைய வசதிகளை நிறுத்த வேண்டும்; பிறகு செயலியை நீக்கி, முடிந்தால் கைப்பேசியையே முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைக்க வேண்டும்.

பணம் போய்விட்டது என்றால் அழுவதற்கு முன் 1930க்கு அழையுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும்போதே வழியில் நிறுத்திவைக்க முயல்வார்கள் என்பதால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பரிமாற்ற எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விரைவாக முடியும். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலோ, நாகர்கோவிலில் உள்ள சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வங்கிக்குத் தகவல் சொன்ன நேரத்துக்கும் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது, தெரிவித்த பின் ஏற்படுவது வங்கியுடையது. அதனால் வெட்கப்பட்டு மறைத்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பணம் போகாத சந்தேகச் செய்திகளைச் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று பிற்பாடு ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துவிடலாமா என்றால், வேண்டாம். பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர் பார்ப்பது அதில்தான். ஏமாந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டால் ஏமாந்ததையே உங்களிடம் சொல்லமாட்டார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு அரை நாள் ஒதுக்கி, தெரியாத மூலங்களிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண்ணை வையுங்கள், வங்கி எண்ணையும் 1930ஐயும் பெரிய எழுத்தில் எழுதி நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டுங்கள். கூடவே இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, யுபிஐயை அதில் மட்டும் இணைத்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுவையுங்கள். அந்தப் பார்சல் விவகாரத்துக்குப் பிறகு என் வீட்டிலும் அப்படித்தான். ஓய்வூதியம் வரும் கணக்கில் யுபிஐ இல்லை, அட்டையும் இல்லை; யுபிஐ உள்ள கணக்கில் இன்று காலை மீன் வாங்கியது போக 1,840 ரூபாய் இருக்கிறது.