லைனிங்கை நனைத்தீர்களா? – தையல் கேள்வி பதில்

கேள்வி: லைனிங் வைத்துத் தைத்த பிளவுஸ் புதிதில் நன்றாக இருக்கிறது. ஒரு தடவை துவைத்ததும் முன்பக்கம் முழுக்கக் குமிழ் குமிழாக நிற்கிறது. துணி சில்க் காட்டன். தையலில் என்ன தப்பு? (வாசகி, கும்பகோணம்)

தையலில் தப்பே இல்லாமலும் இருக்கலாம். லைனிங்கை நனைக்காமல் வெட்டியிருப்பீர்கள். காட்டன் லைனிங் ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கும், அதுவும் நீளவாக்கில்தான் அதிகம். மேல்துணி அந்த அளவு சுருங்காது. உள்ளே இருப்பது குறுகி, வெளியே இருப்பது அப்படியே நின்றால், மிச்சத் துணி குமிழாகத்தான் எழும்பும். அதனால் 80 செ.மீ. போதும் என்று கணக்குப் போடாமல் ஒரு மீட்டராக வாங்குங்கள். வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்துவிட்டு வெட்டுங்கள்.

நனைத்தும் குமிழ் வந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். துணியை மிச்சம் பிடிக்க லைனிங்கைக் குறுக்காகத் திருப்பி வெட்டினீர்களா? துணியின் கரை ஓடும் திசைதான் நீளவாக்கு. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் அது ஒரே பக்கமாக இருக்க வேண்டும். அடுத்தது, இரண்டையும் சேர்த்து ஓரம் அடிக்கும்போது எது மேலே இருந்தது? மிஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் அடித்துணியைத்தான் இழுக்கும். மேலிருந்து அழுத்தும் பாதம் மேலே இருக்கும் துணியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். அதனால் அடியில் இருக்கும் துணி கூடுதலாக உள்ளே போய்விடும். லைனிங் அடியில் இருந்தால் லைனிங்தான் சற்றே தளரும், வெளியே தெரியாது. மேல்துணியை அடியில் வைத்தால் தளர்வு வெளியே வந்துவிடும். மேல்துணியைச் சுற்றிலும் அரை இஞ்ச் கூடுதலாக வெட்டி, லைனிங்மேல் தடவிப் பரப்பி, ஊசி குத்தி, ஓரம் அடித்த பிறகு மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே குமிழ்ந்த பிளவுஸைக் காப்பாற்ற ஒரே வழி, இடுப்புப் பட்டியைப் பிரித்து மேல்துணியைக் கீழே இழுத்து, தொங்குகிற துண்டை வெட்டிவிட்டு மறுபடி பட்டி வைப்பது. அகலவாக்கில் வந்த குமிழுக்கு வைத்தியம் இல்லை.

கேள்வி: கை தூக்கினால் பிளவுஸ் மொத்தமாக மேலே ஏறுகிறது. கைக்குழியை அரை இஞ்ச் இறக்கி வெட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். (வாசகி, திருநெல்வேலி)

கைப்பக்கம் பிடித்தால் குழியைப் பெரிசாக்குவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது தலைகீழ் வைத்தியம். கைக்குழியின் அடி அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால், கை தூக்கும்போது கைத்துணி மட்டும் நகரும். குழி கீழே இறங்க இறங்க, கையோடு சேர்ந்து பக்கத் தையலும் மேலே இழுபடும். நீங்கள் இறக்கிய அரை இஞ்ச்தான் இப்போது கூடுதலாகத் தூக்குகிறது.

அளவை உடம்பிலேயே எடுங்கள். ஒரு ஸ்கேலை அக்குளில் படுக்கையாக வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தோள் உச்சியிலிருந்து ஸ்கேல் வரை நேராக டேப் பிடித்து, வந்த அளவோடு அரை இஞ்ச், அதிகம் போனால் முக்கால் இஞ்ச் சேருங்கள். மார்பு 36 என்றால், மார்பில் ஆறில் ஒரு பங்கோடு ஒன்றரை சேர்த்து ஏழரை இஞ்ச் என்பது பலரும் வைக்கும் கணக்கு. அது சரிபார்க்க மட்டும். தோள் சரிந்தவருக்கும் நிமிர்ந்தவருக்கும் அந்தக் கணக்கு ஒன்றுபோல உட்காராது.

குழி சரியாக இருந்தும் பிடிக்கிறது என்றால் கையின் மேல் வளைவைப் பாருங்கள். வளைவின் உயரம் கூடினால், கை தொங்கும்போது சுருக்கமில்லாமல் அழகாக விழும், தூக்கினால் பிடிக்கும். உயரம் குறைந்தால் அக்குளில் நாலு சுருக்கம் விழும், ஆனால் கை தாராளமாகப் போகும். 36 அளவுக்கு 4 இஞ்ச் வைத்திருந்தால் மூன்றேகாலாகக் குறைத்து, கையின் அகலத்தை இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் கூட்டுங்கள். வளைவை டேப்பை நிறுத்திப் பிடித்து அளந்தால், கைக்குழிச் சுற்றைவிட அரை முதல் முக்கால் இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்கிறவர் பிளவுஸுக்கும் கல்யாணத்துக்கு ஒரு நாள் போடும் பிளவுஸுக்கும் ஒரே வளைவு வெட்டுவது சரியில்லை.

இன்னொன்று: முன்பாகத்தின் கைக்குழி பின்பாகத்தைவிட அரை இஞ்ச் உள்வாங்கி இருக்க வேண்டும், கையின் முன்பக்கமும் அப்படியே. இடது கையையும் வலது கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டு, துணி சரியில்லை என்று கடையைத் திட்டுகிறவர்கள் உண்டு. வெட்டும்போதே முன்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டுவிடுங்கள். இறக்கி வெட்டிவிட்ட பிளவுஸுக்கு, அக்குளில் நாலு தையலும் சேரும் இடத்தைப் பிரித்து, 3 இஞ்ச் சதுரத் துண்டை மூலை மேலே வருமாறு வைத்துத் தைத்தால் ஓரளவு சரியாகும்.

கேள்வி: தையலின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கிறது. பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) புதிதாக மாற்றியும் போகவில்லை. (வாசகர், ஈரோடு)

அடியில் சுருண்டால் குற்றம் மேல்நூலில். பாபின் கேஸுக்குச் செலவழித்தது வீண். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல்நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒட்டியிருக்கும். நூல் நடுவில் போகாமல் மேலேயே உட்கார்ந்துவிடும். தட்டுகளுக்கு நடுவே பஞ்சுத் தூசு இருந்தாலும் இதே கதைதான். மடித்த துணியை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும். ஏறி இறங்கும் கொக்கியில் நூல் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாபின் இறுக்கம் சரியா என்று தெரிய, பாபின் கேஸை நூலில் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. லேசாக உதறினால் இரண்டு இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும். திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். மிஷினுக்கு மிஷின் எண்ணெய்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் சில வாரத்தில் பிசினாக இறுகி, மிதிக்கவே கால் வலிக்கும்.

கேள்வி: ஊசியை எப்போது மாற்றுவது? எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது? (வாசகி, சேலம்)

துணியில் குத்தும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ, பட்டில் இழை இழுத்தாலோ உடனே மாற்றுங்கள். ரூபியா (மெல்லிய பிளவுஸ் துணி), மெல்லிய சிந்தெடிக் துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கும் பல அடுக்குக்கும் 16. நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ, ஊசியின் நீளமான பள்ளம் அந்தப் பக்கம். தட்டையான பக்கம் அதற்கு எதிரே.

கேள்வி: அம்மாவின் பழைய காட்டன் சேலைகள் நாலு இருக்கின்றன. இருவர் போர்த்தும் அளவில் ஒரு போர்வையாகத் தைக்க முடியுமா? மிஷினிலா, கையிலா? (வாசகி, காரைக்குடி)

மூன்று சேலை போதும், நாலாவது ஒட்டுப் போட உதவும். வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்துக் கோதடியும் கர்நாடகத்துக் கவுதியும் இப்படிப் பழைய துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவைதான். பஞ்சே வேண்டாம்.

முதலில் சேலையைச் சோதியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைந்த இடம் தெரியும். இரண்டு கட்டைவிரலால் இழுக்கும்போது இழை விலகினால் அந்த இடத்தை நடு அடுக்குக்குத் தள்ளுங்கள். உட்காரும் இடமும் கொசுவத்தின் அடியும்தான் முதலில் நையும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் திடமாக இருக்கும். ஃபால்ஸைப் பிரித்து எடுங்கள். ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், உடம்பில் உரசும். கஞ்சி முழுக்கப் போகத் துவையுங்கள். கஞ்சி இருந்தால் ஊசியும் இறங்காது, பூச்சியும் வரும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டுகிற சேலையை ஒதுக்குங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பி வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

ஐந்தரை மீட்டர் சேலை சுமார் 216 இஞ்ச், அகலம் சுமார் 45. ஒவ்வொரு சேலையிலும் 90 இஞ்சில் இரண்டு துண்டு வெட்டினால் 36 இஞ்ச் மிஞ்சும். இரண்டு துண்டை அகலவாக்கில் சேர்த்தால் மேலடுக்கு 90-க்கு 89 இஞ்ச். அடியடுக்கையும் அப்படியே சேர்த்தால் இரண்டு இணைப்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, படுத்தால் வரப்பு மாதிரி உறுத்தும். அதனால் அடியடுக்கில் ஒரு துண்டை முழுசாக நடுவில் வைத்து, மற்றதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சேருங்கள். நடு அடுக்கின் இரண்டு துண்டை மடித்துத் தைக்க வேண்டாம். விளிம்போடு விளிம்பு வைத்துக் கையால் அகலத் தையல் போட்டால் போதும்.

மூன்று அடுக்கையும் அயர்ன் செய்து தரையில் விரியுங்கள். அடியடுக்கின் மூலைகளில் டேப் ஒட்டுங்கள், இழுத்து விறைக்க வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிக்கொண்டே, 4 இஞ்சுக்கு ஒரு வரிசை கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அடியில் மடிப்பு விழும். போர்வை கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கையால் என்றால் ஒன்றரை இஞ்சுக்கு ஒரு வரிசை, நடுவிலிருந்து ஆரம்பித்து. நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம்; முடிச்சை இழுத்து அடுக்குகளுக்குள் ஒளித்துவிடுங்கள். கிட்டத்தட்ட 60 வரிசை, ஒவ்வொன்றும் ஏழரை அடி. வரிசைக்கு அரை மணி என்று வைத்தாலும் 30 மணி நேர வேலை. விற்பதற்கு என்றால் இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

மிஷினில் 3 இஞ்சுக்கு ஒரு வரிசை போதும். 16 ஊசி, இஞ்சுக்கு 8 தையல், பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மிஷினின் கைக்குள் போகும் பக்கத்தைப் பாயாகச் சுருட்டி வைத்து, நடு வரிசையிலிருந்து ஒரு ஓரம் வரை தைத்துவிட்டு, போர்வையைத் திருப்பி அடுத்த பாதியை நடுவிலிருந்து தொடங்குங்கள். ஒரு பாதிக்குள் எல்லா வரிசையும் ஒரே திசையில் ஓட வேண்டும். போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று தைத்தால் துணி இரு பக்கமும் மாறி மாறித் தள்ளப்பட்டு, போர்வை முறுக்கிக்கொள்ளும்.

ஓரத்துக்கு மிஞ்சிய 36 இஞ்ச் துண்டில் இரண்டரை இஞ்ச் பட்டைகள் பத்து வெட்டி இணைத்து, இரட்டையாக மடித்து வையுங்கள். ஓரம் நேராக இருப்பதால் கிராஸ் பீஸ் (மூலைவாக்கில் வெட்டும் பட்டை) தேவையில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில், ஒரு வயது வரை இதைக் குழந்தை மேல் போர்த்த வேண்டாம்.

கேள்வி: சேலைப் போர்வையின் நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா? (வாசகர், தேனி)

வேண்டாம். அந்த இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தையல் வரிசைக்குள் நகர்ந்து மூலையில் சேரும், துவைத்தால் கட்டி தட்டும். தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கனம் வேண்டுமென்றால் பாலியஸ்டர் ஷீட் 100 அல்லது 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வாங்கி வையுங்கள்.

கேள்வி: லைனிங் பிளவுஸுக்கு 300 ரூபாய் வாங்குகிறேன், லைனிங் என்னுடையது. மாதம் 40 பிளவுஸ் தைத்தும் கையில் காசு நிற்கவில்லை. சொந்தக்காரர்களிடம் கேட்கவும் கூச்சம். (வாசகி, விருதுநகர்)

நீங்கள் எழுதியிருக்கும் செலவையே கூட்டுவோம். லைனிங் 70, கொக்கி, நூல், கேன்வாஸ் 15, கரண்ட், சர்வீஸ் 5, ஆக 90. மிச்சம் 210. வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்து, ஆல்டரேஷனும் பார்க்க மூன்றரை மணி நேரம் என்கிறீர்கள். மணிக்கு 60 ரூபாய். மாதம் 140 மணி நேரத்துக்கு 8,400. நஷ்டமில்லை, ஆனால் உங்கள் நேரம் மலிவாகப் போகிறது.

லைனிங் விலையைத் தனியாகப் போடுங்கள். பைப்பிங், கயிறு, குஞ்சம், கப் எல்லாவற்றுக்கும் தனி ரேட். உங்கள் தப்பால் வரும் ஆல்டரேஷன் இலவசம். உடம்பு இளைத்ததற்கும் பருத்ததற்கும் காசு. ஒரே நிற நூலில் வருகிற பிளவுஸ்களை ஐந்து ஐந்தாகச் சேர்த்து வெட்டித் தைத்தால், நூல் மாற்றும் நேரமே கணிசமாக மிச்சமாகும். கொக்கியும் ஹெம்மிங்கும் பக்கத்து வீட்டில் யாருக்காவது பீஸ் ரேட்டில் கொடுங்கள். சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு, மிஷினுக்கு மேலே ரேட் போர்டு மாட்டுங்கள். வாய் திறந்து கேட்க வேண்டிய வேலையை அது பார்த்துக்கொள்ளும். சித்திக்குக் குறைக்க நினைத்தால் முழு ரேட்டைப் பில்லில் எழுதி, தள்ளுபடியைக் கீழே காட்டுங்கள். அடுத்த தடவை எந்த ரேட் என்ற வம்பு வராது.

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. பட்டுப் பாவாடை மூன்று வருஷமாவது வர எப்படித் தைப்பது? (வாசகி, காஞ்சிபுரம்)

இந்த வயதில் வருஷத்துக்கு 2 முதல் இரண்டரை இஞ்ச் வளர்வார்கள். அதில் பாவாடை நீளத்துக்குச் சேருவது பாதிக்குச் சற்று மேல். ஒரு இஞ்ச் ஆழத்தில் ஒரு மடிப்புப் போட்டால் 2 இஞ்ச் துணி உள்ளே போகும். அப்படி இரண்டு மடிப்பு, ஜரிகைக் கரைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக. இதை மட்டும் பெரிய தையலாகப் போடுங்கள், பிரிக்கும்போது ஒரு நூலை இழுத்தால் முழுசும் வந்துவிடும். பட்டில் பழைய மடிப்புக் கோடு தெரியத்தான் செய்யும், மேலே மெல்லிய லேஸ் ஒன்று ஓட்டி மறைக்கலாம். சட்டையின் பக்கத் தையலில் இரு புறமும் ஒன்றரை இஞ்ச் விடுங்கள். தோளில் விட்டுப் பயனில்லை. கைக்குழி சிறிசானால் சட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகச் சட்டைத் துணியில் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.